கூழ் வந்த சட்டி

சுவிசில், எம்மன்புரூக்கேயில் ஒரு தமிழ் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அந்தச் செய்தி ஒரு கிழமைக்குள் பாசல் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கொண்டு போகிறவள் தனலட்சுமி. அவளும் புருசன் குகதாசனும் ஒரு வெள்ளை வான் வண்டியில் அரிசி, மா, மரக்கறி, ஐஸ் மீன் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார்கள். வியாழக்கிழமை பின்னேரம் எம்மன்புரூக்கே மாடிவீடுகளுக்கு முன்னால் வான் வந்து நின்று ஹோர்ன் அடிக்கும். பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவார்கள். பின்கதவடியில் நின்று தனலட்சுமி கத்தரிக்காய் நிறுப்பாள். நிறுத்து முடிவதற்குள் ஆருடைய மகள் ஆரோடு திரிகிறாள், ஆருக்கு விசா மறுத்துவிட்டார்கள் என்பதெல்லாம் பைக்குள் விழுந்துவிடும். குகதாசன் ஸ்டியரிங்கை விட்டு இறங்கமாட்டார். வாயும் திறக்கமாட்டார். அவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாள், பாவம் மனுசன் என்ன செய்யும் என்று பெண்கள் சிரிப்பார்கள்.

மரியகொறற்றி மட்டும் சிரிக்கமாட்டாள். அவளுக்கு இந்த உலகத்தில் பயமான ஒரு ஆள் இருந்தால் அது தனலட்சுமிதான்.

கொறற்றிக்கு ஊர் மன்னாரில் பேசாலை. இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு இலை கொட்டுகிற காலத்தில் அவளுடைய புருசன் ஸ்ரான்லி, நெஞ்சில் சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவளையும் கூப்பிட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவனிடம் இருந்தது அவளிடமும் இருந்தது. டொக்டர் ஜேர்மன் மொழியில் நெடுநேரம் விளங்கப்படுத்தினார். அவளுக்கு விளங்கியது எச்.ஐ.வி. என்ற ஒரு சொல் மட்டும். ஸ்ரான்லியைக் கிழி கிழியென்று கிழிக்கவேண்டும் போல் இருந்தது. கிழிப்பதற்கு ஆள் இல்லை, பிள்ளையும் இல்லை, முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற வேலையும், மூன்றாம் மாடியில் இரண்டறை வீடும்தான் மிச்சம்.

லுசேர்ண் ஆஸ்பத்திரியில் தமிழுக்கு மொழிபெயர்க்க வருகிற பெண், ஞாயிறு பூசையில் அவளுக்கு முன் வரிசை வாங்கில் இருந்து பாடுகிறவள். அந்தப் பயத்தில் கொறற்றி ரெயில் ஏறி சோலோதுர்ன் வரைக்கும் போய் மருந்தெடுத்தாள். அங்கே மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேர்ஸ் என்ன கேட்டாலும் ‘யா, யா’ என்று தலையாட்டினாள். இந்த நாட்டில் பாதித் தமிழ்ச் சனம் அந்த ஒரு சொல்லில்தான் வண்டி ஓட்டுகிறது.

முன்பெல்லாம் அவளுடைய கணவாய் மீன் பிரட்டலுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு பேர் இருந்தது. பிள்ளைகளின் முதல்நன்மை விருந்தென்றாலும், செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் என்றாலும், கணவாய்ச் சட்டி கொறற்றியிடம்தான் வரும். இப்போது கை உளைகிறது, முதுகு பிடித்திருக்கிறது என்று ஒவ்வொரு சாட்டாகச் சொல்லி விலகிக்கொண்டாள். சாப்பாட்டால் இது தொற்றாது என்று டொக்டர் படம் கீறிக் காட்டியிருந்தார். அது அவளுக்குத் தெரியும், சனத்துக்குத் தெரியுமோ? நாளைக்கு ஒருநாள் விசயம் வெளியில் வந்தால், அவள் கையால் தின்ற ஒவ்வொருவரும் தின்ற நாளை நினைத்து வயிற்றைத் தடவிப் பார்ப்பார்கள். அதை நினைக்கவே அவளுக்குக் கூசியது. அதனால் மற்றவர்களுக்குச் சமைப்பதை விட்டாள். ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதை விட்டாள். தேத்தண்ணி கொடுக்காமல் ஆட்களை அனுப்புவது எப்படி என்ற கேவலமான வித்தையையும் பழகிக்கொண்டாள்.

இரண்டாயிரத்தொன்பது வசந்தத்தில் ஒரு வியாழக்கிழமை, வானடியில் நாலைந்து பெண்கள் நின்றபோது தனலட்சுமி ஒரு கதை சொன்னாள். பாரிசில் ஒரு தமிழ்ப்பொடியனுக்கு அந்த எச்.ஐ.வி. வருத்தமாம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் தண்ணி குடித்திருக்கிறான். அவன் படி இறங்க முன்னமே, குடித்த கிளாசைத் தூக்கிக் குப்பைக்குள் எறிந்துவிட்டார்களாம். பெண்கள் ‘ஐயோ’ என்றார்கள். ஒருத்தி வாயில் கைவைத்தாள். இன்னொருத்தி, எறியாமல் வேறென்ன செய்யிறது என்றாள். கொறற்றி வெண்டிக்காய் கிலோ என்ன விலை என்று கேட்டாள். வாங்கிய வெண்டிக்காயைக் குளிர்பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவள், அதிலேயே தலையை முட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். இந்த வாய்க்குத் தன்னுடைய பேர் ஒருநாள் அகப்பட்டால் என்ன நடக்கும் என்பது அன்றைக்கு அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அடுத்த கிழமை போன் அடித்தது. இலக்கம் தெரியவில்லை. ஒரு ஆண்குரல், யாழ்ப்பாணத்துக் குரல், அவசரமில்லாமல் கதைத்தது.

“தங்கச்சி, நான் ஆர் எண்டு கேக்காதேங்கோ. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பத்து வரியத்துக்கு மேல. உங்களுக்கு அப்படி ஒண்டும் இல்லையெண்டால் போனை வையுங்கோ, நான் பிறகு எடுக்கமாட்டன். இருந்தால் வைக்காதேங்கோ.”

கொறற்றி போனை வைக்கவில்லை. பேசவும் இல்லை. அந்தக் குரல் பொறுத்திருந்தது. பிறகு, சரி, விளங்குது, சாப்பிட்டனீங்களோ என்று கேட்டது. ஸ்ரான்லி போன பிறகு அவளை அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். அவள் அழத் தொடங்கி, அவர் வைக்கச் சொல்லும்வரைக்கும் அழுதாள். தன்னுடைய இலக்கத்தை நேர்ஸ்தான் கொடுத்திருக்கவேண்டும், தான் ஏதோவொன்றுக்கு ‘யா’ சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படித்தான் அவள் ஞாயிறு வட்டத்துக்குள் வந்தாள். ஞாயிறு மத்தியானம் ஒரு இலக்கத்துக்கு அடித்தால் எல்லோரும் ஒரே லைனில் இருப்பார்கள். பேர் இல்லை, முகம் இல்லை. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் மருந்தெடுக்கிறார்களோ அந்த ஊர்தான் பேர். முதலில் போன் எடுத்தவர் பாசல் அண்ணை. பேர்ண் ரீச்சர் ஒருத்தி இருந்தாள்; சூரிச் மச்சான் என்று ஒரு பகிடிக்காரன் இருந்தான்; ஜெனீவாவில் இருந்து தமிழும் பிரெஞ்சும் கலந்து பேசுகிற ஒரு பொடிச்சி இருந்தாள். கொறற்றி சோலோதுர்ன் தங்கச்சி ஆனாள். மருந்து எடுத்த இரவுகளில் வருகிற பேய்க்கனவுகளை ஆளுக்கு ஆள் சொல்லிச் சிரித்தார்கள். விரதம் பிடிக்கிற நாளில் மருந்துக் குளிசையை என்ன செய்வது, வேலையிடத்தில் குளிசைப் பெட்டியை எங்கே வைப்பது, ஊரில் இருந்து அம்மா வந்து நிற்கிறபோது அதை என்ன மருந்தென்று சொல்வது என்பதெல்லாம் அங்கே தீர்ந்தது. விற்றமின் என்று சொல்லிவிட்டு அம்மாவும் ஒன்று கேட்டதால் திண்டாடிப்போன கதையைச் சூரிச் மச்சான் மூன்று ஞாயிறு சொன்னான். ஒழுங்காக மருந்தெடுத்து இரத்தத்தில் கிருமி தெரியாமல் போனால் அது மற்றவருக்குத் தொற்றாது என்று இந்த நாட்டு டொக்டர்மார் துணிந்து வெளியில் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் பாசல் அண்ணைதான் நல்ல தமிழில் சொன்னார். சோலோதுர்னில் ஜேர்மன் மொழியில் சொல்லியும் ஏறாத விசயம் அன்றைக்கு ஏறியது.

ஸ்ரான்லியின் ஆண்டுத் திவசத்துக்கு முதல் கிழமை கொறற்றி மருந்தை நிறுத்தினாள். ஆருக்காக எடுக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லைனில் அதை ஒளிக்காமல் சொன்னாள். ஒருவரும் புத்தி சொல்லவில்லை. தண்ணி எடுத்துக்கொண்டு வாங்கோ, நாங்கள் லைனில நிக்கிறம் என்றார் பாசல் அண்ணை. அவள் போய்க் கிளாசில் தண்ணி எடுத்து வந்தாள். குளிசையை வாயில் போட்டாள். போனைக் கழுத்தடியில் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். அத்தனை ஊர்களிலும் அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் அவள் தொண்டையில் தண்ணி இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு சூரிச் மச்சான் மெதுவாக, இறங்கிட்டுது என்றான். ஜெனீவாப் பொடிச்சி விக்கி விக்கி அழுதாள். முகம் தெரியாத இத்தனை பேருக்குத் தன்னுடைய தொண்டை இவ்வளவு பெரிய விசயமா என்று கொறற்றி வாய் பிளந்து இருந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் ஒருநாளும் மருந்தைத் தவறவிடவில்லை.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு தை மாதம், வேலைக்குப் போகிற வழியில் ஐசில் சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். பாணும் ஜாமும் தின்று சமாளிக்கிறேன் என்று ஞாயிறு லைனில் பகிடியாகச் சொன்னாள். பாசல் அண்ணை பகிடியாக எடுக்கவில்லை. சாப்பாடு அனுப்பலாம், எங்கே வைப்பது என்று கேட்டார். கொறற்றி யோசித்தாள். வீட்டைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். இந்த நாட்டில் ஒவ்வொரு தபால்பெட்டிக்கும் கீழே பூட்டில்லாத சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். ஒருகாலத்தில் பால்போத்தல் வைத்ததால் இன்றைக்கும் அது பால்பெட்டிதான். அவளுடைய கட்டடத்தில் ஒரு வீடு ஆளில்லாமல் கிடந்தது. அதன் பெட்டியில் பேர் இல்லை. தெருவையும் கட்டட இலக்கத்தையும் சொல்லி, பேரில்லாத பால்பெட்டிக்குள் வைத்தால் போதும் என்றாள். அந்தக் கட்டடத்தில் வேறு தமிழ் வீடுகளும் இருந்தபடியால் தான் இன்னார் என்று பிடிபடாது என்று ஒரு நிம்மதி.

சாப்பாடு வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், லிப்டில் இறங்கிப் பார்த்தால் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் டப்பாக்கள் இருக்கும். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத டப்பாக்கள். ஒரு டப்பாவில் சுண்டலும் சோறும், மிளகு தூக்கலாக. பேர்ண் ரீச்சர் மிளகுப் பைத்தியம் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றில் சரியாக வேகாத இடியப்பம். அது சூரிச் மச்சானாகத்தான் இருக்கவேண்டும். எப்படி வருகிறது, ஆர் கொண்டு வருகிறார்கள் என்று கேட்டபோது, சமைச்சு அவையவையின்ர பால்பெட்டிக்குள்ள வைக்கினம், எடுக்க ஆள் இருக்கு என்று மட்டும் பாசல் அண்ணை சொன்னார். ஊர் ஊராகப் பால்பெட்டிகள் திறந்து மூடுவதைக் கொறற்றி நினைத்துப் பார்த்தாள். ஒருவரை ஒருவர் தெருவில் கண்டால் தெரியாமல் கடந்து போகிறவர்கள். அவர்களுடைய சோறு அவளுடைய கதவடிக்கு வழி கண்டுபிடித்து வந்திருக்கிறது. தேவாலயத்தில்கூட அவளுக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

பிறகு கூழ் வந்தது.

பெட்டியைத் திறந்தபோது துணியால் சுற்றிய ஒரு சில்வர் சட்டி, இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. மேலே கொண்டுபோய் மூடியைத் திறந்தாள். பனங்கிழங்கு ஒடியல் மாவும், நண்டும், இறாலும், மரவள்ளியும், பலாக்கொட்டையும். வாசம் அடித்த அடியில் கால் நோவு மறந்துபோயிற்று. கரண்டிகூடத் தேடாமல் கோப்பையில் ஊற்றி ஊற்றிக் குடித்தாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தபோதுதான் அடியில் பொறித்திருந்த எழுத்து கண்ணில் பட்டது.

பாத்திரத்தில் பேர் பொறிக்காத தமிழ்வீடு எது? கலியாணத்துக்கும் புதுவீடு குடிபூரலுக்கும் இரவல் போகிற பாத்திரங்கள் திரும்பி வரவேண்டுமென்றால் பேர் வேண்டும். ஆனால் இந்தப் பேரை அவள் எதிர்பார்க்கவில்லை. ‘கு. தனலட்சுமி’ என்று இருந்தது.

கொறற்றி சமையலறை நிலத்திலேயே இருந்துவிட்டாள்.  தனலட்சுமிக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்ததென்று தெரியவில்லை, ஆனால் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் வான் போகிற ஊரெல்லாம் தெரிந்திருக்கும். முன் வாங்கில் இருந்து பாடுகிறவளுக்குத் தெரிந்திருக்கும். முன்பு கணவாய் தின்றவர்களெல்லாம் இப்போது வயிற்றைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அந்த ஞாயிறு அவள் லைனுக்குப் போகவில்லை. போன் அடித்தது; எடுக்கவில்லை. வீட்டை விட்டுவிட்டு இத்தாலி பேசுகிற பக்கத்துக்குப் போய்விடலாமா, அங்கே தமிழர் குறைவு என்று யோசித்தாள்.

இத்தனை யோசனைக்கு நடுவிலும் சட்டி மேசையில் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வைத்திருக்க முடியாது, அடுத்தவள் பாத்திரம். எறிய முடியாது. திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். அங்கேதான் சிக்கல். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவளுடைய பரம்பரையிலேயே இல்லை. உயிர் போகிற பயத்திலும் அவளுக்கு அது முடியவில்லை. பால்பெட்டிக்குள் வெறும் சட்டியை வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று இரண்டு முறை லிப்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். சீனி போட்டுக் கொடுக்கலாமா என்று பார்த்தாள். கடைச் சீனி, அவள் கை படாத சீனி. நிறைத்துவிட்டு, திரும்பக் கொட்டினாள். கூழுக்குச் சீனியா? தனக்குத் தானே கோபம் வந்தது. தெரிந்தவள் கூழ் காய்ச்சி அனுப்பியிருக்கிறாள், தெரிந்துகொண்டே அனுப்பியிருக்கிறாள். கிளாசை எறிகிற கூட்டத்தில் அவள் ஒருத்தியென்றால் இந்தச் சட்டி ஏன் இங்கே வந்தது? எறிகிறவளா இல்லையா என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஒரு முரட்டுத்தனம் அவளுக்குள் ஏறியது.

வியாழக்கிழமை வேலைத்தலத்துத் தோழி வாங்கிக் கொடுத்த கணவாயை எடுத்து, கதிரையில் இருந்தபடியே துப்பரவாக்கினாள். இரண்டு வருசத்துக்குப் பிறகு இன்னொரு வாய்க்காகச் சமைக்கிறாள். வெங்காயம் வெட்டுகிறபோது விரலைப் பத்து முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிரட்டி இறக்கியபோது பழைய வாசம் அப்படியே எழுந்து வந்தது. சட்டியை நிறைத்து மூடினாள். ஹோர்ன் அடித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு இறங்கினாள்.

வானடியில் மூன்று பெண்கள் நின்றார்கள். கொறற்றிக்கு இருந்த பயத்தில், முறிந்த கால் எது என்று கேட்டால் சொல்லியிருக்கமாட்டாள். சட்டியை எடுத்து நீட்டினாள். தனலட்சுமி சட்டியைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

“கால் முறிஞ்சவள் எண்டு கொஞ்சம் கூழ் குடுத்து விட்டனான்,” என்று மற்றப் பெண்களுக்குச் சொன்னாள். “பாருங்கோ, சட்டியை வெறுமையாத் தராமல் கொண்டந்து நிக்கிறாள்.”

சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தாள். நிறுக்கிற கையாலேயே ஒரு துண்டு கணவாயை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்று எடுத்தாள். மூன்று பெண்களும் தங்களுக்கும் தரச் சொல்லிக் கை நீட்டினார்கள். தனலட்சுமி சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இது எனக்கு வந்தது, உங்களுக்கு வேணுமெண்டால் நீங்களும் கூழ் காய்ச்சுங்கோ என்றாள். கொறற்றி அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாய் மென்றது, விழுங்கியது, விரலைச் சூப்பியது. இந்த வாய்க்கா இவ்வளவு நாளும் பயந்தேன் என்று அவளுக்குத் தலை சுற்றியது.

பெண்கள் போன பிறகு வானின் முன்கதவு திறந்தது. குகதாசன் இறங்கி வந்தார். அவர் நிமிர்ந்து நின்று அவள் கண்டதில்லை, நெட்டை மனுசன். மனைவியின் கையில் இருந்த சட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டு எடுத்துத் தின்றார்.

“உப்புக் கொஞ்சம் குறைவு, தங்கச்சி,” என்றார். “ஞாயிற்றுக்கிழமை ஏன் லைனுக்கு வரேல்ல?”

பாசல் அண்ணை. இரண்டு வருசமாக ஞாயிறுதோறும் கேட்ட குரல். வியாழன்தோறும் இந்தக் கதவுக்கு உள்ளே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. வாய் திறந்தால் குரல் பிடிபட்டுவிடும் என்று ஊர் முழுக்கத் தன்னைப் பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று சிரிக்க விட்டிருக்கிறார் மனுசன். கொறற்றி வானின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தனலட்சுமி வெங்காய மூட்டையை இழுத்துப் போட்டு அதில் அவளை இருத்தினாள்.

“பேர் வெட்டின சட்டியில ஏன் அக்கா விட்டனீங்கள்? நான் செத்துப் பிழைச்சன்,” என்றாள் கொறற்றி.

“கூழை ஐஸ்கிறீம் பெட்டியிலயோ விடுறது? சூட்டில நெளிஞ்சு போகாதோ?” என்றாள் தனலட்சுமி. தான் செய்ததில் பிழை என்ன என்பது அவளுக்கு அப்போதும் விளங்கவில்லை. இவர் விடியத் தொடங்கி ஏசுகிறார், கூழுக்கென்று ஒரு மரியாதை இல்லையா என்று புருசனைக் காட்டினாள்.

நேர்ஸ் நம்பர் தந்தபோதே என்னை ஆர் என்று தெரியுமோ என்று கொறற்றி கேட்டாள். குகதாசன், எந்த நேர்ஸ் என்று திருப்பிக் கேட்டார். ஒரு நேர்சும் ஒன்றும் தரவில்லை. நம்பர் வானில் இருந்தது. மீன் வந்தால் சொல்லச் சொல்லி அவளே கொடுத்த நம்பர். அந்தக் கிளாஸ் கதையைத் தனலட்சுமி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டுதான் திரிகிறாள். கதை உண்மை, பாரிசில் அவளுடைய சொந்தத் தமையன் வீட்டில் எறிந்தது குகதாசன் குடித்த கிளாசை. கேட்கிற முகங்களை அவள் பார்ப்பாள்.

“ஐயோ எண்டு கத்திறவைக்கு ஒண்டும் இல்லை,” என்றாள் தனலட்சுமி. “நீர் வெண்டிக்காய் என்ன விலையெண்டு கேட்டனீர். வெண்டிக்காயில விலை எழுதிக் கிடந்தது.”

கொறற்றிக்குக் கோபம் வந்தது. அந்தக் கதையால் எத்தனை நாள் நித்திரை இல்லாமல் கிடந்தாள். அதைச் சொல்லவும் செய்தாள். தனலட்சுமி மறுக்கவில்லை, வேறு வழி தெரியேல்ல, இவர் தனிய இருந்து சாகப் பார்த்த ஆள், உங்களையெல்லாம் எங்கை தேடுறது என்றாள். அவளுக்கு அந்த வருத்தம் இல்லை. குகதாசனோடு இத்தனை வருசமும் ஒரே கிளாசில் குடித்து, ஒரே பாயில் படுத்து, இருக்கிறாள்.

கோபம் அடங்கிய பிறகுதான் மற்றது கொறற்றிக்கு உறைத்தது. பேச்சை மாற்றினாள் என்ற ஒரு ஊகம். அதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மனுசன் போன் எடுத்து, எனக்கு எச்.ஐ.வி. என்று சொல்லியிருக்கிறார். ஊகம் பிழைத்திருந்தால்? தான் வெறுமனே வெண்டிக்காய் விலை கேட்ட ஒருத்தியாக இருந்திருந்தால்? அடுத்த வியாழக்கிழமைக்குள் வானும் வியாபாரமும் மானமும் போயிருக்கும். அவளுக்காக, அவளுக்கு அது இருக்கிறதா என்றே தெரியாமல், எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்திருக்கிறார். சுவிஸ் முழுக்க ஊர்க்கதை காவுகிறவள் என்று பேரெடுத்த பெண் இத்தனை பேருடைய உயிரை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறாள். ஒரு சொல் சிந்தவில்லை. கொறற்றி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கும்பிடவேண்டும் போல் இருந்தது. வெங்காய மூட்டையில் இருந்துகொண்டு எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் அழுதாள்.

தனலட்சுமி சட்டியைக் காலியாக்கி, துடைத்து, ஒரு பிடி கறிவேப்பிலையைப் போட்டு அவளிடமே திருப்பித் தந்தாள். வெறுமையாகத் தர அவளுக்கும் வராதாம். வாற மாதம் வானுக்கு வருகிற சுமித்ராவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு, கணவாய் ஆர் செய்கிறது என்று கேட்கிறாள், கொறற்றி என்று சொல்லிவிட்டேன், கால் ஆறிவிடும்தானே என்றாள். கேள்வி மாதிரிச் சொல்லவில்லை. அந்தச் சாமத்தியவீட்டில் கொறற்றியின் கணவாய்ச் சட்டி முதலில் முடிந்தது. முன் வாங்குப் பாட்டுக்காரி இரண்டாந்தரம் கேட்டு வந்தாள்.

சட்டி அதன் பிறகு ஒரு வீட்டில் தங்கவில்லை. போகும், வரும். வியாழக்கிழமைகளில் கொறற்றி வானடியில் தனலட்சுமிக்குப் பக்கத்தில் நின்று மரக்கறி எடுத்துக் கொடுக்கப் பழகினாள்.

இரண்டு வருசம் கழிந்து, ஒரு வைகாசியில், அதே கட்டடத்துக்கு ஜெயகௌரி என்று ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள். இளம் தாய், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வானடிக்கு வந்தாள். மீன் வந்தால் சொல்லச் சொல்லித் தன்னுடைய நம்பரைக் கொடுத்தாள். புதுமுகம் கண்டால் தனலட்சுமி சும்மா இருப்பாளா? பாரிஸ் கிளாஸ் கதை அவிழ்ந்தது. பெண்கள் வழக்கம்போல ‘ஐயோ’ என்றார்கள். ஜெயகௌரி குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். போஞ்சி என்ன விலை என்று கேட்டாள்.

போஞ்சியில் விலை எழுதியிருந்தது. தனலட்சுமி நிறுப்பதை நிறுத்தாமல் நிமிர்ந்து கொறற்றியைப் பார்த்தாள். முன்னால் கண்ணாடிக்குள் குகதாசனின் கண்களும் அவளைத்தான் பார்த்தன. கொறற்றி தலையாட்டினாள்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து, கை கழுவி, மேசையில் இருந்த சட்டியை ஓரமாக நகர்த்திவிட்டுப் போனை எடுத்தாள். பிழைத்தால் இந்தக் கட்டடம், தேவாலயம், கணவாய்ச் சட்டி எல்லாம் ஒரே நாளில் போய்விடும். எத்தனை முறை அந்த மனுசன் இப்படிப் போனும் கையுமாக நின்றிருப்பார் என்று நினைத்தாள். இலக்கத்தை அழுத்தினாள். அந்தப் பக்கம், ‘ஹலோ’ என்று களைத்த குரல்.

“தங்கச்சி, நான் ஆர் எண்டு கேக்காதேங்கோ,” என்றாள் கொறற்றி. “எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. உங்களுக்கு அப்படி ஒண்டும் இல்லையெண்டால் போனை வையுங்கோ. இருந்தால் வைக்காதேங்கோ.”

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. ஆரோ நடந்து போய் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். போன் வைக்கப்படவில்லை.

கொறற்றி கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

“சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டாள்.